பீடி மடக்குகிற பிள்ளை "புகையிலை உண்டு" என்று டிக் அடித்தால்? – பள்ளிப் பிள்ளைகள் ஆரோக்கிய சர்வே, நெல்லைப் பக்கம்

பொருநை_செவிலி | திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்ஸி. நர்சிங் ரெண்டாம் வருசம், சமுதாய நலப் பிரிவு. எட்டாவதுல இருந்து பிளஸ் ஒன் வரைக்கும் படிக்கிற பிள்ளைகளோட உடல்நலப் பழக்கவழக்கம்தான் என் ஆய்வு. சாப்பாடு, பல் தேய்க்கிறது, கை கழுவுறது, விளையாட்டு, புகையிலை, மது, அடிதடி, மனசு எல்லாம் அதுல வரும். உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் சேர்ந்து 13–17 வயசுப் பிள்ளைகளுக்காக உருவாக்கின கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு. நாடு நாடா நடத்துறாங்க. 2007-ல நம்ம சிபிஎஸ்இ பள்ளிகள்லயும் நடந்திருக்கு. அதைத்தான் ஆள் வச்சுத் தமிழாக்கி, கொஞ்சம் சேர்த்து, 82 கேள்வியா வச்சிருக்கேன்.

போன வாரம் முன்னோட்டமா ஒரு ஒன்பதாம் வகுப்புல குடுத்துப் பார்த்தேன். கிராமத்துப் பள்ளிக்கூடம். ஊர் பேர் வேண்டாம். தாளை எல்லாம் எக்ஸெல்ல ஏத்தினா மூணு விசயம் இடிக்குது.

"கடந்த 30 நாட்களில் எத்தனை நாட்கள் புகையிலைப் பொருட்களைப் பயன்படுத்தினாய்?" பையன்கள் அத்தனை பேரும் 0 நாள். பெண்பிள்ளைகள்ல ஒன்பது பேர் "30 நாட்களும்". ஒன்பது பேர்! கைடுகிட்ட காட்டினேன். "டேட்டா என்ட்ரில தப்பு, இல்லன்னா பிள்ளைங்க விளையாடியிருக்கு, அந்தத் தாளை நீக்கிரு"ன்னுட்டாங்க. ஏத்தினது நான். தப்பு இல்ல.

"கழிப்பறை சென்ற பின் கைகளைக் கழுவுவாயா?" மொத்த வகுப்பும் "எப்போதும்". அன்னைக்கு எனக்கே அங்க குழாய்ல தண்ணி வரல, மக்குல மோந்துட்டுப் போனேன்.

அப்புறம் "கார்பன் ஏற்றப்பட்ட மென்பானம்". ஒரு பையன் எந்திரிச்சு, "மிஸ், கார்பன்னா பில் புக்குல வைக்கிற நீலப் பேப்பர்தானே, அதைக் குடிக்க முடியுமா?"ன்னு கேட்டான். வகுப்பே சிரிச்சுட்டு. நானும்தான்.

இதை எப்படிச் சரி பண்றது? அந்த ஒன்பது தாளை என்ன செய்ய?

சுளகு_மகள் | திங்கள், இரவு 9:40

தாயி, அந்த ஒன்பதையும் நீக்கிறாதீங்க. அந்தப் பிள்ளைக பொய்யே சொல்லல.

பள்ளிக்கூடம் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் சுத்துவட்டாரம்னா எனக்கு நீங்க ஊர் பேர் சொல்லவே வேண்டாம். அம்மா பீடி சுத்துவா, நாங்க மடக்குவோம். நான் ஆறாப்பு படிக்கும்போது ஆரம்பிச்சது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழட்டிப் போட்ட உடனே சுளகு (முறம்) மடிக்கு வந்துரும். அம்மா நனைச்ச இலையைத் தகரத்தை வச்சு அளவா வெட்டி, தூளை அள்ளி வச்சு, உருட்டி, நூலைச் சுத்திப் போடுவா. அந்தத் தலையைச் சின்னக் கத்தி முனையால உள்ள மடக்கி அடைக்கிறது எங்க வேலை. விரல் நுனி காப்பிக் கலர்ல இருக்கும். நகத்துக்குள்ள தூள். சோப்புப் போட்டாலும் நெடி போகாது, அந்தக் கையோடதான் சோறு. பிளஸ் டூ பிராக்டிகல்ல வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் சார் என் கையைப் பாத்துட்டு "என்னம்மா இது, மருதாணியா?"ன்னார். ஆமா சார்ன்னேன்.

இப்ப அந்தப் பிள்ளை உங்க கேள்வியைப் படிக்குது. "30 நாளில் எத்தனை நாள் புகையிலைப் பொருளைப் பயன்படுத்தினாய்?" தினமும்தான். பீடிக் கடை லீவு அன்னைக்கும் மறுநாளைக்கு இலை வெட்டிப் போடணும். 30-ன்னு அடிக்காம வேற என்னத்த அடிக்கும்?

ஊர்நல_டாக்டர் | திங்கள், இரவு 10:25

மேலே எழுதிய சகோதரி சொன்னதே விடை. சமுதாய மருத்துவத் துறையில் பல வருடமாக இந்த மாதிரித் தாள்களோடு மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

"பயன்படுத்துதல்" என்ற சொல்லைத் தமிழில் தனியாக விட்டால் அது வாயைத் தொடாது, கையோடு நின்றுவிடும். மூலக் கேள்வியில் பொருள் புகைப்பதும் மெல்லுவதும்தான். ஆகவே "புகைத்தாயா, மென்றாயா, உதட்டுக்குள் ஒதுக்கினாயா, மூக்கில் இழுத்தாயா" என்று வினைச்சொல்லாகவே கேளுங்கள். புகைப்பது ஒரு கேள்வி, வாயில் போடுவது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒட்டினால் இரண்டும் போகும்.

அதே சமயம் அந்த ஒன்பது பேரையும் "தவறான பதில்" என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. பீடி சுற்றுகிறவர்களுக்குத் தோல் வழியாகவும் தூசி வழியாகவும் நிகோடின் உள்ளே போகிறது. சிறுநீரில் அதன் கழிவான கோட்டினினை அளந்து காட்டிய இந்திய ஆய்வுகள் உண்டு. அந்தப் பெண்பிள்ளைகள் புகைக்கவில்லை, ஆனால் புகையிலை அவர்கள் உடம்பைத் தொடாமலும் இல்லை. ஜெனீவாவிலும் அட்லாண்டாவிலும் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு முக்கூடல் திண்ணை தெரியாது. நமக்குத் தெரியும் அல்லவா? தனிக் கேள்வியாகப் போடுங்கள்.

ஏன் இந்த வயதைப் பிடிக்க வேண்டும் என்று உங்கள் வழிகாட்டி கேட்டால்: தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பழக்கவழக்கக் கேள்விகள் 15 வயதில்தான் தொடங்குகின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதில் நழுவிவிடும். ஆனால் 2019-ல் 13–15 வயது மாணவர்களிடம் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை எடுப்பவர்கள். பீடி புகைத்திருக்கிற பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் பத்து வயது முடிவதற்கு முன்பே தொட்டவர்கள். 15 வரை காத்திருந்தால் ரயில் போன பிறகு டிக்கெட் எடுத்த கதை.

சராசரி_மனிதன் | திங்கள், இரவு 10:51

எல்லாரும் ஒன்பது பெண்பிள்ளைகளையே பாக்குறீங்க. எனக்கு உறுத்துறது பையன்களோட பூஜ்யம். நாட்டுல நூத்துக்கு எட்டுப் பேரு, இந்த வகுப்புல ஒருத்தன்கூட இல்லையாம். பதினெட்டு இருபது பையன்கள்ல தற்செயலாப் பூஜ்யம் வரலாம், வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா கை கழுவுறதுலயும் மொத்த வகுப்பும் "எப்போதும்"னா, அது தற்செயல் இல்ல. செவிலியம்மா, ரெண்டே கேள்வி. தாள்ல பிள்ளையை அடையாளம் காட்டுற எதுவும் இருந்துச்சா? அறையில யார் யார் இருந்தா?

பொருநை_செவிலி | திங்கள், இரவு 11:05

பேர் கேக்கல சார். ரோல் நம்பர் மட்டும் மேல மூலையில போடச் சொன்னேன், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி குடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும்ல, அதுக்கு.

வகுப்பு சார் கடைசி வரைக்கும் இருந்தார். உதவியாத்தான். வரிசைக்கு நடுவுல நடந்துக்கிட்டே, "யாரும் கன்னாபின்னான்னு எழுதிறாதீங்கடே, வெளியில இருந்து வந்திருக்காவ, நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு இருக்கு"ன்னு சொன்னார்.

எழுதும்போதே தெரியுது.

பாளை_பிளஸ்டூ | திங்கள், இரவு 11:18

அக்கா 😂😂 ரோல் நம்பரை வாங்கிட்டுப் பேர் வேண்டாம்னா நாங்க என்ன எல்கேஜியா?

நான் போன வருசம்தான் ஸ்கூல் முடிச்சேன். இந்த மாதிரி சர்வே ரெண்டு எழுதியிருக்கேன். எப்படி எழுதினோம்னு சொல்லவா? முன்பெஞ்சு படிக்கிற பய ஒருத்தன் சத்தமா "டேய் எல்லாத்துக்கும் ஏ போடுங்கடா"ன்னான். பாதிப் பேர் ஏ. மீதி ஏ பி சி டி, ஏ பி சி டின்னு ஏணி மாதிரி. ஒருத்தன் டிக்கை வச்சு மீன் வரைஞ்சான், நல்லாவே இருந்துச்சு.

அப்புறம் முக்கியமான மேட்டர். பையன்களுக்குப் புகையிலைன்னா தாத்தா வாயில அடக்கி வைக்கிறது. சிகரெட்டுன்னா சிகரெட். கூல் லிப் எதுலயும் சேராது. அது "லிப்". புகையிலை அடைச்ச சின்னப் பொட்டலம், மிட்டாய் வாசம், உதட்டுக்குள்ள வச்சா வாத்தியாருக்குக்கூடத் தெரியாது. "புகையிலை போடுவியா"ன்னு கேட்டா சத்தியமா இல்லம்பான், அப்பவே வாய்க்குள்ள இருக்கும். பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கக் கூடாதுன்னு மஞ்சள் போர்டு இருக்கும். 101-ஆவது கஜத்துல கடை இருக்கும். [இங்கே ஒரு வரி நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 11:30

பள்ளி பேர், கடை பேர், தெரு பேர் வேண்டாம் தம்பி. மத்தபடி நல்ல தகவல். தொடருங்க.

ஊர்நல_டாக்டர் | செவ்வாய், காலை 6:50

தம்பி எழுதியதைத் தாளின் ஓரத்தில் ஒட்டி வைக்க வேண்டும். 2013-லேயே தமிழ்நாட்டில் குட்கா வகையறாவுக்குத் தடை வந்துவிட்டது. அவர் சொல்கிற பொட்டலம் மாணவர்களிடம் பரவுவதைப் பற்றி 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கேள்வி எழுப்பியது. அதாவது பையன் உண்மையாக டிக் அடித்தால், தடை செய்த பொருளை வாங்கினேன் என்று எழுதிக் கொடுப்பதாக அவனுக்குப் படும். ரோல் நம்பரோடு யார் எழுதிக் கொடுப்பார்?

செவிலியம்மா, மறுபடி கொடுத்து ஒப்பிட ரோல் நம்பர் தேவையில்லை. பிள்ளையே உண்டாக்கிக்கொள்ளும் ரகசியக் குறி போதும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியில் நாள் மட்டும், கூடப் பிறந்தவர்கள் எண்ணிக்கை. இரண்டு தடவையும் அதே குறிதான் வரும், பள்ளிக்கு அது யாரென்று தெரியாது. நீங்களும் தேடிப் போகக் கூடாது. எழுதி முடித்ததும் தாளை உங்கள் கையில் தரக் கூடாது, மூடிய பெட்டியில் அவர்களே போட வேண்டும். பெட்டிக்குப் பூட்டு போடுங்கள். அட்டைப் பெட்டியும் செல்லோ டேப்பும் வேண்டாம், பிள்ளைகள் அதைப் பார்க்கும். பென்சில் டிக் மட்டும், எழுத்தே வேண்டாம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் உண்மையான பயம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் ஒப்புதலும் தனியாக வேண்டும். 12 வயது முதல் எழுத்தில். "வேண்டாம்" என்கிற பிள்ளை சும்மா உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த உரிமை நிஜம் என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் எழுதுவதும் நிஜமாக இருக்கும். ஆசிரியர் வெளியே வராந்தாவில்.

எச்எம்_டீச்சர் | செவ்வாய், மதியம் 1:15

மதிய இடைவேளையில எழுதுறேன். டாக்டர் சார் "ஆசிரியர் வெளியே"ன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டாங்க. வகுப்பைத் தனியா விட்டுட்டு வெளியில நிக்கிறது எங்க பக்கம் லேசுப்பட்ட காரியம் இல்ல. 2023 ஆகஸ்ட் நாங்குநேரியில சாதி வெறியில கூடப் படிச்ச பிள்ளைகளே ஒரு மாணவனை வெட்டினதுக்கு அப்புறம், பெஞ்சுல ரெண்டு பிள்ளை குசுகுசுன்னு பேசினாலும் எங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்குது. அதுக்காகத்தான் நீதியரசர் சந்துரு குழு போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கையும் வந்துச்சு: கையில கலர் கயிறு, மோதிரம், நெத்தியில அடையாளம் எதுவும் கூடாதுன்னு. கயிறைக் கழட்ட வைக்கலாம். உள்ள கட்டியிருக்கிறதை?

இந்த நேரத்துல "கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை உன்னை அடித்தார்கள்? எதனால் கேலி செய்தார்கள்?"ன்னு ஒரு தாள் வருது. அதுல காரணமா "என் இனம், நிறம்"னு போட்டிருக்கும். சாதின்னு ஒரு கட்டம் இல்ல. வெள்ளைக்காரன் தாளை அப்படியே பெயர்த்தா இப்படித்தான். அந்தக் கட்டம் இல்லாம எங்க மாவட்டத்துல அந்தக் கேள்வியைக் கேக்கிறதே வீண். போட்டா பிரச்சனை வருமோன்னு நானே பயப்படுவேன், ஒளிக்காமச் சொல்லுறேன்.

தலைமையாசிரியர்கள் அனுமதி குடுக்கத் தயங்குறாங்கன்னு ஆராய்ச்சிப் பிள்ளைகள் குறைபட்டுக்குது. நாளைக்குப் பேப்பர்ல "இந்தப் பள்ளியில் இத்தனை சதவீதம் மது"ன்னு வந்தா, முதன்மைக் கல்வி அலுவலர் என்னைக் கேப்பாரா, உங்களைக் கேப்பாரா? பள்ளி பேர் எந்த அட்டவணையிலும் வராதுன்னு எழுத்துல குடுங்க. நான் கதவைத் திறந்து விடுறேன், வராந்தாவிலயும் நிக்கிறேன், ஜன்னல் வழியா தலை தெரிய மட்டும்.

இன்னொண்ணு. "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தீவிரமாக யோசித்தாயா?" அதுவும் அந்த 82-ல இருக்குதானே? நீங்க பெட்டியைத் தூக்கிட்டு சாயங்காலம் பஸ் ஏறிருவீங்க. "ஆம்"னு டிக் அடிச்ச பிள்ளை மறுநாள் என் பிரேயர்ல நிக்கும். எதுன்னு எனக்குத் தெரியாது.

பொருநை_செவிலி | செவ்வாய், இரவு 8:02

டீச்சர், இந்தக் கடைசிப் பத்தியை மூணு தடவை படிச்சேன். பதில் இல்ல. அந்தக் கேள்வியை எடுத்துரலாமா?

ஊர்நல_டாக்டர் | செவ்வாய், இரவு 9:30

எடுக்க வேண்டாம். கேட்டால் பிள்ளை மனதில் அந்த எண்ணம் விதையாக விழுந்துவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறோம். 2005-ல் நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் மன உளைச்சலிலோ அந்த எண்ணத்திலோ கூடுதல் வரவில்லை. கேள்வி கெடுதல் செய்யவில்லை. கேட்டுவிட்டுக் கையை உதறுவதுதான் கெடுதல், அதில் டீச்சர் பக்கம் முழு நியாயம்.

பெயரில்லாத தாள் என்றால் யாரையும் தேடிப் போக முடியாது. தேடிப் போக வழி வைத்தால் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். இரண்டையும் ஒரே தாளில் சாதிக்க முடியாது, ஆகவே இரண்டு வாசல் வையுங்கள். எழுதி முடித்ததும் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி ஒரு சின்னச் சீட்டு: மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, மாணவர் உதவிக்கு 14417. எல்லாருக்கும் கொடுத்தால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். அதே சீட்டின் பின்பக்கம், "யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பெயர் எழுதி இரண்டாவது பெட்டியில் போடு." எழுதுகிறவர் எழுதட்டும், மற்றவர்கள் வெறும் சீட்டை மடித்துப் போடட்டும், அத்தனை பேரும் போட வேண்டும். அன்று மாலையே ஒரு ஆலோசகர் அந்தப் பள்ளியில் இருக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் சர்வே தேதியைத் தள்ளுங்கள், ஆளில்லாமல் நடத்தாதீர்கள்.

பெயர் எழுதிய சீட்டில் பாலியல் கொடுமை என்று ஏதாவது வந்தால் அதை ரகசியம் என்று வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். சீட்டிலேயே பிள்ளைக்குப் புரிகிற தமிழில் அதை எழுதிவிடுங்கள், பிறகு ஏமாந்தோம் என்று அது நினைக்கக் கூடாது.

விசில்_வாத்தியார் | புதன், காலை 5:40

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், அம்பாசமுத்திரம் பக்கம். எல்லாரும் பெரிய பெரிய விசயமாப் பேசுதிய. நான் விளையாட்டுக் கேள்விக்கு வாரேன்.

"கடந்த 7 நாளில் எத்தனை நாள் குறைந்தது 60 நிமிடம் உடல் உழைப்பில் ஈடுபட்டாய்?" உலக சுகாதார நிறுவனம் தினம் 60 நிமிசம்னு சொல்லுது. உலகம் பூராவும் 11–17 வயசுல 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டலையாம், 2016 கணக்கு. நான் 34 வருசம் விசில் ஊதினவன், எனக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. பத்தாப்புக்குப் பி.டி. பீரியடுன்னு டைம் டேபிள்ல மட்டும்தான் இருக்கும். கணக்கு வாத்தியார் சாக்பீஸோட வந்து நின்னுருவாரு, நான் பந்தைத் தூக்கிட்டு மரத்தடியில நிப்பேன்.

ஆனா இங்கன பிள்ளைக அந்தக் கேள்வியை எப்படிப் படிக்கும் தெரியுமா? "உடல் உழைப்பு"ன்னா கொத்தனார் வேலை. "உடற்பயிற்சி"ன்னு போட்டா ஜிம்மு. ஆத்துல ரெண்டு மணி நேரம் நீச்சல் அடிச்சுட்டு வந்த பய "0 நாள்"னு போடுவான், அது குளிக்கப் போனதுதானே அவனுக்கு! மூணு மைல் இலவச சைக்கிளை மிதிச்சு வார புள்ள அதையும் சேக்காது. ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கேளுங்க: சைக்கிள், நடை, கபடி, நீச்சல், தண்ணிக்குடம். பீடி மடக்குத புள்ளைகளுக்கு எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு: ஒரே இடத்துல குனிஞ்சு எத்தனை மணி நேரம் உக்காந்திருந்த? மூலத் தாள்ல டிவி, கம்ப்யூட்டர் கேம், கூட்டாளிகளோட பேசுததுன்னு இப்படித்தான் உதாரணம் போட்டிருக்கும். சுளகு முன்னாடி உக்காருதது வராது.

அந்தக் கார்பன் மென்பானத்துக்குக் கலருன்னு போடும்மா, கலரு. "கலர், சோடா, போவண்டோ மாதிரி"ன்னா ஒரு பயலும் பில் புக்கைத் தேட மாட்டான்.

காலைச் சாப்பாட்டுக் கேள்விக்கும் ஒண்ணு சொல்லிருதேன். 1956-ல எட்டயபுரத்துல காமராசர் மதிய உணவைத் தொடங்கினாரே, அப்ப அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. 2022-ல வந்த காலை உணவுத் திட்டம் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்தான். அஞ்சாப்பு வரை சாப்பிட்டுட்டு வந்த புள்ள ஆறாப்புல வெறும் வயித்தோட வரும். "உணவு இல்லாததால் பசியோடு இருந்தாயா"ன்னா மானஸ்தப் புள்ளைக "ஒருபோதும் இல்லை"ன்னுதான் போடும். "இன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்ட"ன்னு கேளுங்க. "காப்பி"ன்னு வரும். அதுதான் பதில்.

சராசரி_மனிதன் | புதன், இரவு 10:10

வாத்தியார் ஐயா எழுதினது எங்க புள்ளியியல் பாடப் புத்தகத்துல இருந்திருந்தா நான் இன்னும் நல்லாப் படிச்சிருப்பேன்.

எத்தனை பிள்ளைகளைக் கேக்கணும்ங்கிற எண்ணிக்கைக்கு வாரேன். செவிலியம்மா தனிச்செய்தியில "384 பேர் போதும்னு கைடு சொல்றாங்க"ன்னு கேட்டிருந்தாங்க. பதிலை இங்கயே போடுறேன், இது எல்லாரும் விழுற குழி. 384-ங்கிறது பிள்ளைகளை ஊர் பூராவும் ஒவ்வொண்ணாக் குலுக்கிப் போட்டு எடுத்தா. நீங்க எடுக்கப் போறது முழு வகுப்பு. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே கடையில வாங்கும், ஒரே வாத்தியாருக்குப் பயப்படும், ஒரே குழாய்ல தண்ணி வராது. நாப்பது பேர் எழுதினாலும் நாப்பது தனித்தனிச் சேதி கிடைக்காது. அதுக்காக ரெண்டால பெருக்குங்க, 768. லீவு போட்டவங்க, மாட்டேன்னவங்க பத்து சதவீதம்னு வச்சா 854. நாப்பது பேர் வகுப்புன்னா 22 வகுப்பு. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளை அதிகம் உள்ள பள்ளிக்கு அதிக வாய்ப்பு, அப்புறம் அந்தப் பள்ளியில வகுப்பைக் குலுக்கல். "எச்.எம். எனக்குத் தெரிஞ்சவர்"னு பள்ளி எடுத்தா அது சாம்பிள் இல்ல, சொந்தக்காரங்க வீட்டு விசேசம்.

பாளைத் தம்பி சொன்ன மீன்களைப் பிடிக்க ஒரு வலை இருக்கு. ஐரோப்பாவுல 1995-ல இருந்து மாணவர்கள்கிட்ட மது, போதை பத்தி ஒரு தொடர் சர்வே நடத்துறாங்க. அதுல "ரெலெவின்"னு இல்லாத போதைப்பொருள் ஒண்ணைப் பட்டியல்ல சேர்த்தாங்க. "ஆமா, எடுத்திருக்கேன்"னு எவன் டிக் அடிக்கானோ அவன் தாளைச் சந்தேகப்படலாம்.

பாளை_பிளஸ்டூ | புதன், இரவு 10:22

அண்ணாச்சி அந்த மாதிரிப் பேரு போட்டா மறுநாள் பெட்டிக்கடையில போய் "ரெலெவின் இருக்கா"ன்னு கேப்பானுங்க. இல்லன்னு சொன்னா ஸ்டாக் தீந்துபோச்சுன்னு நெனப்பானுங்க.

ஊர்நல_டாக்டர் | புதன், இரவு 10:40

சிரித்துவிட்டேன், ஆனால் தம்பி சொல்வதில் விசயம் இருக்கிறது. இல்லாத போதையை நாமே அறிமுகப்படுத்த வேண்டாம். முன்னுக்குப் பின் முரணான பதில்களை வைத்தே பிடிக்கலாம்: "ஒருபோதும் மது குடித்ததில்லை" என்று ஒரு பக்கம், "முதல் தடவை 12 வயதில்" என்று அடுத்த பக்கம்.

சுளகு_மகள் | வியாழன், இரவு 9:15

ரெண்டு நாளா யோசிச்சுட்டு எழுதுதேன். டாக்டர் ஐயா "தனிக் கேள்வியாப் போடுங்க"ன்னாவ. சரிதான். ஆனா எங்க வீட்டுல அந்தத் தாள் வந்திருந்தா என்ன நடந்திருக்கும்னு சொல்லணும்.

அம்மாவுக்குப் பீடித் தொழிலாளி அடையாள அட்டை இருந்துச்சு. அந்த அட்டையை வச்சுத்தான் எனக்கும் தம்பிக்கும் படிப்பு உதவித்தொகை வந்துச்சு. அதே அம்மா, வெளியாள் யாராவது தெருவுல வந்தா "ஏட்டி, சுளகை உள்ள கொண்டு போ"ன்னு எங்களை விரட்டுவா. 1986-ஆம் வருசத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்து அட்டவணையிலயே பீடி இருக்கு. சட்டத்தோட நுணுக்கம் எல்லாம் அவளுக்குத் தெரியாது, "பிள்ளை கையில பீடியைப் பாத்தா கேசு"ன்னு மட்டும் தெரியும். நீங்க "நீ பீடி வேலை செய்கிறாயா?"ன்னு நேராக் கேட்டா, பிள்ளை சாயங்காலம் வீட்டுல சொல்லும். மறுநாள் தெருவே பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கும். அந்த ஒன்பது பிள்ளைகளும் இந்த வாட்டி 0 போடும்.

அதனால தனியாக் கேக்காதீங்க. எல்லா வேலையோடயும் சேத்துக் கேளுங்க. தண்ணி எடுக்கிறது, ஆடு மாடு பாக்கிறது, கடையில நிக்கிறது, தம்பி தங்கச்சியைப் பாத்துக்கிடுறது, பத்தமடைப் பக்கம்னா பாய் முடையிறது, அதோட பீடி. எல்லாரும் எதுலயாவது டிக் அடிப்பாங்க, யாரும் குற்றவாளி ஆக மாட்டாங்க. நாங்க அம்மாவுக்குக் கை குடுத்தோம், அவ்வளவுதான். அதைச் சொல்ல விடுற மாதிரி கேளுங்க.

எச்எம்_டீச்சர் | வியாழன், இரவு 9:50

நீங்க திங்கக்கிழமை சொன்னதுல ஒரு வரியை நேத்து என் ஸ்டாஃப் ரூம்ல வாசிச்சுக் காட்டினேன், பேர் சொல்லாம. பதில் பேச ஆள் இல்ல. எங்க டீச்சர்கள்ல ரெண்டு பேர் சுளகு மடியிலதான் பி.எட். வரைக்கும் வந்திருக்காங்க, அது எனக்கே நேத்துதான் தெரியும்.

பொருநை_செவிலி | அடுத்த புதன், இரவு 8:45

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரல, மன்னிக்கணும். வேற ஒரு பள்ளியில ஆறு பெண்பிள்ளைகள், ஆறு பையன்கள், தனித்தனியா மரத்தடியில உக்காந்தேன். தாளை நிரப்பச் சொல்லல. ஒவ்வொரு கேள்வியா வாசிச்சு, "இதை உன் தோழிகிட்ட எப்படிக் கேப்ப?"ன்னு மட்டும் கேட்டேன். மூணு மணி நேரம் ஆச்சு, தொண்டை கட்டிப்போச்சு. 82-ல 57 மிஞ்சியிருக்கு.

"தனிமையாக உணர்ந்தாயா"ங்கிறதை ஒரு பிள்ளை "யாரும் கூடச் சேத்துக்கலையா"ன்னு மாத்துச்சு. அப்படியே எடுத்துக்கிட்டேன். கை கழுவுற கேள்விக்கு முன்னாடி "உன் பள்ளிக் கழிப்பறையில் இன்று தண்ணீர் வந்ததா?"ன்னு ஒண்ணு சேர்த்திருக்கேன். அதைக் கேட்டதும் பெண்பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டுங்க. நாலு பேர், காலையில இருந்து வீட்டுக்குப் போற வரை தண்ணியே குடிக்க மாட்டோம்னு சொல்லிச்சு. குடிச்சா போகணும்ல, மிஸ். இது என் தாள்ல எங்கயுமே இல்லாத விசயம், "ஒரு நாளில் எத்தனை டம்ளர் தண்ணீர்"னு தனியா ஒண்ணு போட்டுட்டேன். சாதிக் கட்டம் போட்டிருக்கேன் டீச்சர், கேலிக்கான காரணங்கள்ல ஒண்ணா, நடுவுல. நெறிமுறைக் குழு என்ன சொல்லும்னு பாப்போம். கைடு இன்னும் அந்த ஒன்பது தாளை "குறைபாடுகள்" அத்தியாயத்துல ஒரு வரியாப் போட்டா போதும்ங்காங்க. நான் முதல் அத்தியாயத்துலயே போடலாம்னு இருக்கேன்.

ஆடி கடைசி வாரம் நடத்தலாம்னு தேதி வாங்கியிருக்கேன்.

கேள்வி 31, வரைவு: "வீட்டில் பெரியவர்களுக்கு எந்த வேலையில் கை கொடுப்பாய்? (எத்தனை வேண்டுமானாலும் குறிக்கலாம்) தண்ணீர் எடுப்பது / சமையல் / ஆடு மாடு / கடை / தம்பி தங்கையைப் பார்ப்பது / வயல் வேலை / பாய் முடைவது / பீடி சுற்றுவது / வேறு." கேள்வி 32: "அந்த வேலையில் நேற்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய்?"

விசில்_வாத்தியார் | அடுத்த புதன், இரவு 9:05

ஆடி வேண்டாம்மா! ஆடி அமாவாசைக்குப் பாதிக் குடும்பம் வண்டி கட்டிக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல போய்க் குடில் போட்டுக் கிடக்கும். மீதிக்கு ஊர்ல கோயில் கொடை. செவ்வாய் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்ட பய புதன்கிழமை உங்க தாள்ல "7 நாளில் எத்தனை மணி நேரம் தூங்கினாய்"ங்கிறதுக்கு என்னத்த எழுதுவான்? கலரும் அந்த வாரம் நாலு மடங்கு குடிச்சிருப்பான். வகுப்புல பாதி பெஞ்சு காலி. ஆவணி ரெண்டாம் வாரம் வைங்க, காலாண்டுப் பரீட்சை நெருங்குததுக்கு முன்னாடி.

பொருநை_செவிலி | அடுத்த புதன், இரவு 9:11

ஐயோ சார், நல்லவேளை சொன்னீங்க. ஆவணிக்கு மாத்திக் கேக்குறேன்.

சுளகு_மகள் | அடுத்த புதன், இரவு 9:38

கேள்வி 31-ல "பீடி சுற்றுவது"ன்னு போட்டிருக்கீங்க. பிள்ளைக சுத்தாதுங்க. அம்மாதான் சுத்துவா. பிள்ளைக மடக்கும், இலை வெட்டும், கட்டுக் கட்டும். "சுற்றுவது"ன்னு இருந்தா எல்லாப் பிள்ளையும் நேர்மையா "இல்லை"ன்னு அடிச்சுட்டுப் போயிரும்.

பொருநை_செவிலி | அடுத்த புதன், இரவு 9:41

"பீடி மடக்குவது, இலை வெட்டுவது, கட்டுக் கட்டுவது." மாத்திட்டேன் அக்கா.